மூன்றரைச் சங்கு

அந்தக் கதையை நான் பல வருஷங்களாக நம்பவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அதோ, மேடைக்கு முன்னால் முதல் வரிசையில் ஒரு பெரியவர் கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருக்கிறாரே, சுற்றிலும் இருப்பவர்கள் நாற்காலியில் நிலைகொள்ளாமல் சரிந்து சரிந்து சிரிக்கிறார்களே, அவர் என் மாமனார். ராக்கியப்பன் என்று பெயர். இப்போது அவர் சொல்லிக்கொண்டிருப்பது அந்தக் கதையைத்தான். இந்த ஆர்க்கெஸ்ட்ரா சத்தத்தில் இங்கே ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. ஆனால் கை போகிற போக்கைப் பார்த்தாலே எந்த இடம் என்று எனக்குத் தெரியும். இப்போது மணிக்கட்டைத் திருப்பிக் காட்டுகிறார் பாருங்கள். ஸ்பின்னிங் மாஸ்டர் வாட்சைப் பார்க்கிற இடம்.

நீங்கள் மாப்பிள்ளை வீடா? நினைத்தேன். உள்ளூர்க்காரர் என்றால் கதை தெரிந்திருக்கும். உட்காருங்கள், பந்தி இப்போதுதான் மூன்றாவது ஓடுகிறது. நம் முறை வர நேரமாகும்.

இது முன்னால் கல்யாண மண்டபம் இல்லை. மில் தொழிலாளர் மனமகிழ் மன்றம். யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள், கிளப்பு என்றுதான் சொல்வார்கள். அந்த ஏ.சி. மாட்டியிருக்கிற சுவருக்குப் பின்னால்தான் மில். இப்போது அங்கே அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். எந்த மில் என்று கேட்காதீர்கள். சிங்காநல்லூர்ப் பக்கம் அன்றைக்கு எத்தனையோ மில், அதில் ஒன்று. பேரைச் சொன்னால் இன்றைக்கும் யாராவது வருத்தப்படுவார்கள்.

கிளப்பில் கேரம் போர்டு உண்டு, பேப்பர் உண்டு, ரேடியோ உண்டு. அதற்கெல்லாம் பத்துப் பேர் வருவார்கள். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மேடை நிகழ்ச்சி. அதற்கு மட்டும் இடம் கொள்ளாது. பாட்டுக் கச்சேரி, நாடகம், மேஜிக், பலகுரல், எல்லாம் வரும். மத்தியானம் இரண்டரைக்கு ஆரம்பிப்பார்கள். சாப்பிட்டுத் தூங்குகிற நேரத்தில் எவன் கச்சேரி வைப்பான் என்று நீங்கள் கேட்கலாம். வெளியூர் ஆர்ட்டிஸ்டுகளும் அதைத்தான் கேட்பார்களாம். காரணம் ஷிப்ட். மில் ஞாயிற்றுக்கிழமையும் ஓடும். மூன்றரைக்குச் சங்கு ஊதும். முதல் ஷிப்ட் வெளியே வரும், இரண்டாம் ஷிப்ட் உள்ளே போகும். இரண்டு பேருக்கும் பாதிப் பாதி நிகழ்ச்சியாவது கிடைக்க வேண்டும் என்றால் சங்கு நடுவில் வருகிற மாதிரிதான் வைக்க வேண்டும்.

அதனால் இங்கே ஒரு வழக்கம் இருந்தது. சங்கு ஊதினால் மேடையில் யார் என்ன செய்துகொண்டிருந்தாலும் அப்படியே நிறுத்த வேண்டும். பாட்டு பாதி வரியில் நிற்கும். பாதி ஹால் எழுந்து துண்டை உதறிக்கொண்டு போய்விடும். தலையெல்லாம் பஞ்சோடு அடுத்த கூட்டம் வந்து அந்தச் சூடு ஆறாத பெஞ்சில் உட்காரும். அவர்களுக்காக அந்தப் பாட்டை முதல் வரியிலிருந்து மறுபடி பாட வேண்டும். ஈரோட்டிலிருந்து வந்த ஒரு பாடகி, தன் பாட்டுப் பிடிக்காமல்தான் எல்லோரும் எழுந்து போகிறார்கள் என்று மேடையிலேயே அழுதுவிட்டாளாம். ஒரு மேஜிக்காரர் பெட்டிக்குள் பெண்ணை வைத்துப் பாதி அறுத்திருந்தார். சங்கு ஊதியது. போகிறவர்கள், "ஏனுங்க, அந்தப் புள்ளைய ஒட்ட வெச்சுட்டு அப்பறம் நிறுத்துங்க, எங்களுக்கு ஷிப்ட் முடியற வரைக்கும் ரோசனையாவே இருக்கும்" என்று சத்தம் போட்டார்களாம்.

இதெல்லாம் மாமனார் சொன்னதுதான். நான் எதையும் பார்க்கவில்லை. கதையில் வருகிற அந்த நாளில் நான் ஸ்கூல் படிக்கிற பையன், ஒத்தக்கால்மண்டபத்தில் அம்மாயி வீட்டில் இருந்தேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் இவர் வாயிலிருந்து வந்தது.

கதையில் வருகிற ஆள் என் அப்பா. ஆறுக்குட்டி. ரிங் ஃபிரேமில் சைடர். அதாவது நூல் ஓடுகிற ஃபிரேமைப் பார்த்துக்கொண்டு, அறுந்ததை முடிந்துவிடுகிற வேலை. மாமனாருக்கும் அதே வேலை, வேறு ஷிப்ட். அப்பா கிளப்பில் பலகுரல் செய்வார். போத்தனூரில் ரயில் புறப்படுவது, மேஸ்திரி வெற்றிலை போட்டுக்கொண்டே திட்டுவது, மேனேஜர் ஜீப் மேட்டில் ஏற முடியாமல் முனகுவது. கடைசியாக மில் சங்கு. மைக்கின் மேல் உள்ளங்கையைக் குவித்து வைத்துக்கொண்டு அடிவயிற்றிலிருந்து கிளப்புவாராம். "உங்கப்பன் ஊதுனா கேட்டுக்காரன் கேட்டைத் தொறந்துருவான் மாப்பிள்ளை" என்பார் இவர். அதனால் கிளப்பில் ஒரு கட்டு இருந்தது. ஆறுக்குட்டி சங்கு ஊதுவதென்றால் நிஜச் சங்கு ஊதி முடிந்த பிறகுதான் ஊத வேண்டும். அப்பா அதை மீறியதே இல்லை. அந்த ஒரு நாளைத் தவிர.

கதை இதுதான். கிளப் ஆண்டு விழா. ஸ்பின்னிங் மாஸ்டர் தலைமை. கழுத்தில் மாலையோடு முன்னால் உட்கார்ந்திருக்கிறார். அப்பாவுக்கு அன்று இரண்டாம் ஷிப்ட், மேடையில் நிற்கிறார். இவருக்கு முதல் ஷிப்ட், உள்ளே ஃபிரேமில் நிற்கிறார். கைதட்டல் அள்ளுகிறது. அப்பாவுக்கு மேடை மயக்கம், நேரம் மறந்துபோகிறது. மூன்றேகால்தான் இருக்கும், சங்கை ஊதிவிடுகிறார். விழா என்பதால் கோன் ஸ்பீக்கர் கட்டியிருந்தார்கள். சத்தம் மில் முழுக்கப் போகிறது. கேட்டுக்காரன் கேட்டைத் திறக்கிறான். ஹாலில் இருந்த இரண்டாம் ஷிப்ட் பழக்கத்தில் எழுந்து உள்ளே போகிறது. உள்ளே இருந்த முதல் ஷிப்ட் ஃபிரேமை எல்லாம் ஆஃப் பண்ணிவிட்டு வெளியே வருகிறது. இரண்டு கூட்டமும் கேட்டில் முட்டிக்கொண்டு நிற்கிறது. ஸ்பின்னிங் மாஸ்டர் கையைத் திருப்பி வாட்சைப் பார்க்கிறார். வாட்ச்தான் லேட் என்று நினைத்து, சாவியைத் திருகி முள்ளை முன்னால் தள்ளி வைக்கிறார். அப்போது நிஜச் சங்கு ஊதுகிறது.

இந்த இடத்தில் எல்லோரும் சிரிப்பார்கள். இப்போது அங்கே சிரித்தார்களே, அதற்குத்தான்.

அப்பாவை டிஸ்மிஸ் செய்தார்கள். அந்த வரியைச் சொல்லும்போது மாமனார் குரலைக் கொஞ்சம் இறக்குவார். "அவ்வளவு பெரிய கலைஞன்" என்பார். கதை முடிந்துவிடும்.

முதலில் எனக்கு வாட்ச்தான் உறுத்தியது. இவர் உள்ளே ஃபிரேமில் நின்றார். ஹாலில் இருந்தவர் வாட்சைத் திருகியதை எப்படிப் பார்த்தார்? சரி, யாராவது சொல்லியிருப்பார்கள். கதை என்றால் நாலு ஒட்டுப்போடாமல் இருக்காது. அதை விட்டுவிட்டேன்.

விட முடியாத ஒன்று, நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளில் வந்தது. அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவரும் இவர்தான். அதையும் சொல்ல வேண்டும். அப்பாவுக்கு வேலை போன பிறகு எங்கள் வீட்டுக்கு அரிசி வந்தது இவர் வீட்டிலிருந்து. நான் ஐ.டி.ஐ. படித்தது இவரால். கடைசியில் தன் பெண்ணையே கொடுத்தார். சாந்தாமணி, என் வீட்டுக்காரி. அதோ அந்தப் பச்சைப் புடவை. மில்லில் இருந்து துரத்தப்பட்டவன் பையனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? இவர் கொடுத்தார். நான் நன்றி இல்லாதவன் இல்லை. தப்பாக நினைக்காதீர்கள்.

வேறு ஒரு மில், பல்லடம் ரோட்டில். முதல் நாள் ஷிப்ட் முடிகிற நேரம். சங்கு ஊதியது. நான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன், எல்லோரும் சுவிட்சை அணைத்துவிட்டுப் புறப்படுவார்கள் என்று. கதையில் அப்படித்தானே வரும். ஒரு கை கூட சுவிட்சுப் பக்கம் போகவில்லை. ஃபிரேம் ஓடிக்கொண்டே இருந்தது. அடுத்த ஷிப்ட் மாத்தாள் வந்து பக்கத்தில் நின்றான். இவன் இறங்கினான், அவன் ஏறினான். நூல் பாட்டுக்கு ஓடியது. ஷிப்ட் மாறுகிறதற்காக யாரும் ஃபிரேமை நிறுத்துவதில்லை ஐயா. நிறுத்தினால் அத்தனை நூலும் அறுந்து தொங்கும். மறுபடி ஓட்டுவதற்குள் உயிர் போய்விடும். மாத்தாள் வராமல் சைடர் நகரவும் மாட்டான். சங்கு என்பது மாத்தாளுக்காகக் காத்திரு என்று அர்த்தம்.

அப்படியென்றால் அன்றைக்கு ஏன் நிறுத்தினார்கள்?

நிஜச் சங்கு என்று நம்பியிருந்தால் ஃபிரேம் பக்கத்தில்தான் நின்றிருப்பார்கள். நிறுத்திவிட்டு வெளியே வந்தார்கள் என்றால், நிஜச் சங்கு இல்லை என்று தெரிந்துதான் வந்திருக்க வேண்டும். கதையைக் கேட்ட எத்தனையோ மில்காரர்கள் இருந்தார்கள். எவனும் இதைக் கேட்டதில்லை. எல்லோருக்கும் தெரியும், அதனால் கேட்கவில்லை. தெரியாமல் இருந்தவன் நான் ஒருத்தன்தான் என்று தோன்றியது.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாக விவரங்களைப் பொறுக்கினேன். அந்த மாதம் ஆளுக்கு ஒரு ஃபிரேம் கூடுதலாகப் பார்க்க வேண்டும் என்று மில்லில் உத்தரவு ஒட்டியிருந்தார்கள். யூனியன் பேசிப் பார்த்து முடியவில்லை. ஸ்ட்ரைக் என்றால் முன்னால் நிற்கிறவனுக்கு வேலை போகும். யாரும் முன்னால் நிற்கத் தயாராக இல்லை. ஆண்டு விழா அன்று மில் நின்றது. இருட்டும் வரை ஓட்ட முடியவில்லை. ஒரு வாரத்தில் நிர்வாகமே அந்த உத்தரவைக் கிழித்துவிட்டது.

என்கொயரி வைத்தார்கள். அதையும் மாமனார் தமாஷாகச் சொல்வார். மேனேஜர் ஒவ்வொருத்தராகக் கூப்பிட்டுக் கேட்டாராம்.

"ஏய்யா, தெனமும் சங்கு கேக்கறவன், வாய்ச் சத்தத்துக்கும் சங்குக்கும் வித்தியாசம் தெரியாதா?"

"தெரியலீங்க. ஆறுக்குட்டி ஊதுனா அப்படித்தானுங்க. தத்ரூபமுங்க."

அத்தனை பேரும் இதையே சொன்னார்கள். தத்ரூபம், தத்ரூபம் என்று. இவரும் சொன்னார். யோசித்துப் பாருங்கள். அப்பாவை அதுவரை அந்த மாதிரி யாரும் புகழ்ந்திருக்க மாட்டார்கள். புகழப் புகழ அவர் கழுத்தில் கயிறு இறுகியது.

அப்பா என்ன சொன்னார் என்று கேட்கிறீர்களா? அவர் ஒன்றும் சொல்லவில்லை. அங்கேயும் சொல்லவில்லை, வீட்டிலும் சொல்லவில்லை. கழிவுப் பஞ்சுக் கிடங்கில் மூட்டை தூக்கினார். பலகுரலை விட்டுவிட்டார். ஒரு தடவை எனக்குக் காய்ச்சல். ரயில் விடச் சொல்லிக் கேட்டேன். "அதெல்லாம் மறந்து போச்சு கண்ணு" என்றார். ஒருத்தருக்கு ரயில் சத்தம் மறந்துபோகுமா?

ஞாயிற்றுக்கிழமை இவர் எங்கள் வீட்டுக்கு வருவார். அப்பா எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே இந்தக் கதையைச் சொல்வார். வாட்ச் வரும் இடத்தில் அப்பாவும் சிரிப்பார். சத்தமில்லாத சிரிப்பு. என் அம்மா மட்டும் எழுந்து அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள். அப்பா சிரித்ததுதான் எனக்கு இன்றைக்கும் பிடிபடவில்லை. ஏமாந்தவன் சிரிப்பா அது? இல்லை, எல்லாம் தெரிந்தவன் சிரிப்பா? அவர் போய்ச் சேர்ந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. நான் அந்தச் சிரிப்பையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நான் இதை மனசில் வைத்துக்கொண்டு யாரிடமும் முகம் சுளித்ததில்லை. அப்படிப்பட்ட ஆள் இல்லை நான். சாந்தாமணிதான் ஒரு நாள் சொன்னாள், "எங்கப்பா அந்தக் கதைய எடுத்தாப் போதும், உங்களுக்குத் தண்ணி தவிச்சுரும். கேட்டு முடிச்சுட்டுப் போய்க் குடிச்சா என்ன?" என்று. தாகம் எடுத்தது, போனேன். அதற்கெல்லாம் அர்த்தம் கண்டுபிடித்தால் என்ன செய்வது?

பிறகு நான் சூப்பர்வைசர் ஆனேன். எங்கள் மில்லிலும் சின்னதாக ஒரு கிளப் இருந்தது. ஒரு பையன், பூபதி என்று பெயர், என்னைப் போலவே பேசிக் காட்டுவானாம். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ம்... அது சரி... ஆனாலும்..." என்று இழுக்கிற மாதிரி. ஒரு நாள் நான் உள்ளே போனதும் எல்லோரும் கப்பென்று அடங்கினார்கள். அவனை அடுத்த வாரம் ராத்திரி ஷிப்டுக்கு மாற்றினேன். பேசிக் காட்டினான் என்பதற்காக இல்லை. அங்கே ஆள் தேவைப்பட்டது. சாந்தாமணி கூட, "அதுக்காகவா மாத்துனீங்க?" என்று கேட்டாள். இல்லை என்றேன். உங்களிடமும் சொல்கிறேன், இல்லை.

என்ன சொல்லிக்கொண்டிருந்தேன்? ஆமாம், இதை மாமனாரிடமே கேட்டதைப் பற்றி.

எப்படிக் கேட்பது? அவர் போட்ட சோறு. அவர் வாங்கித் தந்த வேலை. அவர் பெண். கேட்டால் எது எது கழன்று விழும் என்று தெரியவில்லை. இந்த மனுஷன் நல்ல மனசால் எங்களுக்குச் செய்தாரா, இல்லை செய்ய வேண்டியிருந்ததால் செய்தாரா? இரண்டாவது என்றால் சாந்தாமணி எனக்கு யார்? நஷ்ட ஈடா? இப்படியெல்லாம் யோசிக்கிற புத்தி எனக்கு ஏன் வந்தது என்று என்னையே திட்டிக்கொள்வேன். பொழுதுக்கும் இதே வேலை. சலித்துப்போய்விட்டது.

போன மாதம் கண் ஆஸ்பத்திரிக்கு இவரைக் கூட்டிப் போனேன். கண்ணில் சொட்டு மருந்து விட்டு, மூடிக்கொண்டு உட்காரச் சொன்னார்கள். பக்கத்தில் நான். அவர் கண் மூடியிருந்தது. எத்தனையோ வருஷமாக அந்த முகத்தைப் பார்த்துக் கேட்க முடியாமல் இருந்தவன், என் முகத்தை அவர் பார்க்க முடியாது என்று ஆனதும் வாயைத் திறந்துவிட்டேன்.

"மாமா, ஒண்ணு கேக்கட்டுங்களா?"

"கேளுங்க மாப்பிள்ளை."

"அன்னைக்கு ஃபிரேமை ஏனுங்க ஆஃப் பண்ணுனீங்க?"

"என்னைக்கு?"

"எங்கப்பா சங்கு ஊதுன அன்னைக்கு."

"சங்கு ஊதுச்சு, ஆஃப் பண்ணுனோம்."

"சங்கு ஊதுனா ஃபிரேம் ஓடீட்டுத்தானுங்க இருக்கும். மாத்தாள் வரோணும்ல?"

எதிர் பெஞ்சில் ஒரு அம்மாள் டோக்கனைத் தவறவிட்டுத் தேடிக்கொண்டிருந்தாள். இவர் மூடிய கண்ணோடு லேசாகச் சிரித்தார்.

"இதைக் கேக்க உங்களுக்கு இத்தனை வருசம் ஆச்சுங்களா மாப்பிள்ளை? நீங்க மில்லுல சேந்த வருசமே கேப்பீங்கன்னு இருந்தேன். கேக்கலையா, செரி, புள்ளைக்குப் புரிஞ்சு போச்சு, பெருந்தன்மையா விட்டுட்டாப்லன்னு நெனச்சுட்டேன்."

"அப்ப தெரியுமுங்களா, அது எங்கப்பா ஊதுனதுன்னு?"

"உங்கப்பன் குரலு எனக்குத் தெரியாதா? மில் சங்குக்கு மூச்சு வாங்காது. ஆறுக்குட்டி சங்கு நடுவால ஒரு மூச்சு வாங்கும். உள்ள இருந்த அத்தன பேருக்கும் தெரியும். மொதல்ல ஆஃப் பண்ணுனது நான்தான். என்னையப் பாத்து அடுத்தவன், அவனைப் பாத்து அடுத்தவன். டிப்பார்ட்மெண்ட்டே கம்முனு ஆயிருச்சு. அந்த மாதிரி ஒரு அமைதிய நான் அப்பறம் கேட்டதே இல்ல."

"எதுக்குங்க மாமா?"

"ஸ்ட்ரைக்குன்னா யாரு தூண்டி விட்டான்னு பேரு கேப்பாங்க. சங்கு கேட்டு எறங்குனோம்னா யாரு பேரை எழுதுவாங்க?"

"எங்கப்பா பேரை."

அவர் கை நாற்காலியின் கைப்பிடியைத் தடவிக்கொண்டே இருந்தது. மூடிய இமைக்குக் கீழே மருந்து வழிந்தது. மருந்துதான். நான் என் கைக்குட்டையை எடுத்துத் துடைத்துவிட்டேன்.

"டிஸ்மிஸ் வரைக்கும் போவாங்கன்னு நாங்க நெனைக்கலைங்க. ஒரு மெமோ குடுப்பாங்க, கிளப்புல இருந்து நிறுத்துவாங்கன்னுதான்..." என்றார். "கோன் ஸ்பீக்கரை அன்னைக்கு மில் பக்கம் பாக்கற மாதிரி திருப்பிக் கட்டுனதும் நான்தானுங்க. காலைல ஷிப்டுக்குப் போறதுக்கு முன்னாடி."

இதை நான் கேட்கவில்லை. அவராகச் சொன்னார். ஸ்பீக்கரைத் திருப்பிக் கட்டியிருக்கிறார் என்றால், சங்கு வரும் என்று காலையிலேயே தெரியும். மூன்றரைக்கு முன்னால் வரும் என்று தெரியும். யார் சொல்லித் தெரியும்?

நான் கேட்க வந்தது வேறு. அவருக்குத் தெரியுமா தெரியாதா என்று கேட்கத்தான் இத்தனை வருஷம் தைரியம் சேர்த்துவைத்தேன். கேட்டு முடித்ததும் அது ஒன்றுமே இல்லாமல் போய்விட்டது. ஆமாம், தெரிந்துதான் செய்தார்கள். அதனால் என்ன? அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் அணைத்திருப்பேனோ என்னவோ. என் கண் முன்னால் நின்றது அப்பாவின் அந்தச் சத்தமில்லாத சிரிப்புதான். மேடை மயக்கத்தில் நேரம் மறந்த பைத்தியக்காரனா அவர்? முதுகில் ஏறி அத்தனை பேரும் போய்விட்ட பிறகும் அது தெரியாமல் கூடச் சேர்ந்து சிரித்தவரா? இல்லை, யாருமே முன்னால் நிற்காத இடத்தில் மைக்கோடு தனியாகப் போய் நின்ற ஆளா? என் அப்பா யார் என்பது, சொட்டு மருந்து விட்ட ஒரு கிழவரின் நாக்கு நுனியில் இருந்தது.

அவர் என்ன பதில் சொன்னார் என்று கேட்காதீர்கள். அப்பாவுக்குத் தெரியும் என்று சொன்னால், என்னைத் தேற்றுவதற்காகச் சொல்கிறார் என்று நினைப்பேன். தெரியாது என்று சொன்னால், பெருமையைத் தனக்கு வைத்துக்கொள்கிறார் என்று நினைப்பேன். எது வந்தாலும் நம்பக் கூடியவன் இல்லை நான். அது அவர் குற்றம் இல்லை. ஆனாலும் கேட்டேன். நர்ஸ் அவர் பெயரைக் கூப்பிட்டுவிட்டாள். எழுந்திருக்கக் கையை என் பக்கம் நீட்டினார். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, எழுப்பாமல், கேட்டேன்.

"மைக்குக்கு முன்னாடி போய் நிக்கறதுக்கு முன்னாலயே, எங்கப்பாவுக்கு இது தெரியுங்களா, மாமா?"